புளி போட்டு மினுக்கிய றிவோல்வர்

கனடாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் கணவனோ மனைவியோ கையெழுத்து வைப்பதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. கையெழுத்து இல்லாமலும் அனுப்பலாம். ஆனால் அப்படி அனுப்பினால் லைசென்ஸ் அலுவலகத்தில் இருந்து துணைவரைத் தொடர்புகொண்டு, உங்களுக்கு ஏதும் கவலை உண்டா என்று கேட்கக்கூடும். என் கணவரிடம் அப்படி யாராவது கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது.

ஆறு கிழமைகளாக அந்த விண்ணப்பம் எங்கள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கிடந்தது. மகளின் கிறேயோன் பெட்டியை அதன்மேல் பாரமாக வைத்திருந்தேன். ஏறக்குறைய எல்லாவற்றையும் நிரப்பியிருந்தேன். கேட்கும்போதெல்லாம் அவர் ஒரே சொல்லைத்தான் சொன்னார்.

"பாப்பம்."

"என்னத்தைப் பாக்கிறது? ஒரு கையெழுத்துத்தானே."

"பாப்பம் எண்டுதானே சொல்லுறன். மாட்டன் எண்டு சொன்னனானே?"

மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். பாப்பம் என்ற சொல்லோடு யாரும் சண்டை பிடிக்க முடியாது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சில வருடங்களாக இந்த நாட்டில் கைத்துப்பாக்கிகளை வாங்கவோ விற்கவோ இன்னொருவருக்குக் கொடுக்கவோ முடியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் இருக்கும்வரை வைத்திருக்கலாம். லைசென்ஸ் போனால் துப்பாக்கியும் போகும். பிறகு எந்தக் காலத்திலும் திரும்பி வராது. சட்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, நான் போகும் துப்பாக்கி சுடும் கழகத்தில் ஒருவர், 1960களில் செய்யப்பட்ட தன் இலக்குப் பிஸ்டலை விற்கப் போவதாகச் சொன்னார். கைப்பிடி வால்நட் மரம். ஒரே ஆள் முப்பது வருடம் பிடித்துப் பிடித்து, கட்டைவிரல் படும் இடம் மட்டும் கறுத்திருந்தது. அப்போது நான் கர்ப்பம். பிள்ளை பிறக்கட்டும், பிறகு வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குள் கதவை மூடிவிட்டார்கள். அந்தக் கிழமையே போயிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். போயிருந்தால், வயிற்றில் பிள்ளையோடு துவக்கு வாங்கப் போனவள் என்று என்னையே திட்டிக்கொண்டிருப்பேன் என்பதும் தெரியும்.

என்னிடம் இருப்பவை மூன்றுதான். ஒன்று பழைய .22 பிஸ்டல். சனிக்கிழமைகளில் கடதாசியில் ஓட்டை போடுவதற்கு. இன்னொன்று ஏதோ ஓர் ஊரின் காவல்துறை பாவித்துவிட்டுக் கழித்த .38 றிவோல்வர். மூன்றாவது நூற்று முப்பது வருடங்களுக்கும் மேல் பழையது. நடுவில் மடித்துத் திறக்கும் வகை. அது அவ்வளவு பழசு என்பதால் சட்டம் அதைப் பழம்பொருளாகத்தான் பார்க்கிறது, பதிவு வேண்டாம். அதற்குரிய தோட்டா என்னிடம் ஒன்றுகூட இல்லை.

புதுத் துப்பாக்கிகளில் எனக்கு ஒருபோதும் ஆசை இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் ஆவணக் காப்பகவியல் படித்தபோது, இறந்தவர்களின் வீட்டுப் பொருட்களை ஏலம் விடும் ஒரு கடையில் பகுதிநேரமாக வேலை செய்தேன். வரும் பொருட்களைப் பார்த்து விவரம் எழுதுவது என் வேலை. மேசைக் கடிகாரம், தேநீர்க் கோப்பை, தொப்பிப் பெட்டி. ஒருநாள் ஒரு பழைய றிவோல்வர் வந்தது. குழாயின் நுனியில் மட்டும் கறுப்பு மெருகு தேய்ந்து வெள்ளையாக இருந்தது. தோலுறையில் எடுத்து எடுத்து வைத்ததால் வந்த தேய்வு அது என்று கடைக்காரர் சொன்னார். கைப்பிடியின் ஒரு பக்கத்தில் மட்டும் செதுக்கிய கோடுகள் மழுங்கியிருந்தன. யாரோ ஒருவர் அதைக் கோட்டின் உட்புறத்தில் வருடக்கணக்காகக் கொண்டு திரிந்திருக்கிறார். கோப்பையைப் பார்த்துக் குடித்தவரைச் சொல்ல முடியாது. இதைப் பார்த்து அந்த ஆள் இடக்கைக்காரரா வலக்கைக்காரரா, எந்தப் பக்கத்தில் வைத்திருந்தார் என்று சொல்லலாம். எனக்கு அன்று பிடித்தது அதுதான். பிறகு பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, கழகத்தில் சேர்ந்தேன். முதல் நாள் ஒருவர் கதவைத் திறந்துவிட்டு, கணவரைக் கூட்டிப்போக வந்தீர்களா என்று கேட்டார். கணவரின் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தால், "மச்சான், உன்ரை வீட்டில வாய்க்கு வாய் கதைக்கேலாது போல" என்று இன்றைக்கும் பகிடி விடுவார்கள்.

ஆனால் வீட்டில் துவக்கு இருப்பதை மாமியால் பகிடியாக எடுக்க முடியவில்லை. மாமி என் கணவரின் தாய். பிள்ளை பிறந்தபோது மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியவர். காலையில் பஸ் எடுத்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய் மத்தியானம்வரை ரோல்ஸ் சுற்றுவார். பின்னேரம் பிள்ளையைப் பார்ப்பார். அவருடைய வாழ்க்கையில் துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லோரும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவர்கள். நிலக்கீழ் அறையின் மூலையில் இரும்புப் பெட்டிக்குள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டுப் போட்டு, தோட்டாக்களை வேறிடத்தில் வைத்திருப்பதை நான் எத்தனையோ தரம் சொல்லியும், உடுப்புத் தோய்க்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெட்டியைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டே நடப்பார். அதில் எனக்கு எரிச்சல் வரும். அடுத்த நிமிடமே, அவர் சொல்வதும் சரிதானோ என்று பூட்டைப் போய் இழுத்துப் பார்ப்பேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை.

அதனால் கையெழுத்து வராததற்கு மாமிதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன். தாய்க்குப் பயந்து மகன் இழுத்தடிக்கிறார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இந்த நிலையில்தான் சரஸ்வதி பூசை வந்தது. மாமி வரவேற்பறையில் படம் வைத்து, கும்பம் வைத்து, புத்தகங்களை அடுக்கினார். மகளின் படப்புத்தகம், கணவரின் லாப்டொப், மாமி கடையில் பாவிக்கும் கத்தி, என் மூக்குக்கண்ணாடியும் கூட. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உன்ரை அந்தப் பழசையும் கொண்டா."

"எந்தப் பழசு மாமி?"

"கீழ கிடக்கிறதுதான். சுடாத ஒண்டு இருக்கெண்டு சொன்னியெல்லே. ஆயுத பூசைக்கு ஆயுதத்தை வைக்காமல் லாப்டொப்பை வைச்சுக் கும்பிடுறம்."

நான் திகைத்துப்போனேன். மூன்று வருடத்தில் அவர் அதைப் பற்றித் தானாகப் பேசியது அதுவே முதல்தரம். இன்றைக்குப் படத்துக்கு முன்னால் வைத்தால் நாளைக்குக் கையெழுத்து வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கீழே போய் அந்தப் பழைய றிவோல்வரை எடுத்து, மடித்துத் திறந்து ஆறு துளைகளையும் பார்த்தேன். வெறுமை. மேலே கொண்டுவந்து, மாமிக்கும் திறந்து காட்டினேன். "ஓம் ஓம், கண்டன்" என்றார். அதற்குள் மகள் உடம்பெல்லாம் பால்சோறு பூசிக்கொண்டு வந்து நின்றாள். அவளைக் குளிக்கவார்க்கத் தூக்கிக்கொண்டு போனேன். அதைத் திரும்பப் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். தெரியும். குளிக்கவார்க்கும்போதே தெரியும். வெறும் இரும்புதானே, மாமியின் கையில்தானே என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினேன்.

பழைய துப்பாக்கி சேர்ப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. மினுக்காதே. எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றலாம், அதற்குமேல் கூடாது. நூறு வருடத்துக் கறுப்பும் பழுப்பும்தான் அதன் உயிர். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரும்பு. திரும்பவும் கறுப்பேற்றித் தரக் கடைகள் இருக்கின்றன. ஆனால் அது நரைக்குச் சாயம் அடித்தது போலத்தான். தெரிந்தவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார்கள்.

நான் திரும்பி வந்தபோது மாமி குசினியில் கைகழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றார். ஒரு பக்கத்தில் குத்துவிளக்கின் பாகங்கள் பொன்னாக மினுங்கிக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அருகில் பேப்பர் துவாயின்மேல் என் றிவோல்வர். தொட்டியில் கரைத்த புளியும் கம்பிப் பஞ்சும் கிடந்தன. துப்பாக்கிக் குழாய் முழுவதும் வெள்ளையாக, வரிவரியாக, புதுக் கரண்டிபோல் இருந்தது. கைப்பிடியின் மரம் ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது. குழாயின் பக்கத்தில் மங்கலாக இருந்த செய்தவரின் எழுத்துகள் பாதி காணாமல் போயிருந்தன.

"பார், எப்பிடி மினுங்குது" என்றார் மாமி. "ஒரே கறுப்பு. எத்தினை வருச ஊத்தையோ தெரியேல்லை. சாமிக்கு முன்னால அப்பிடியே வைக்கேலுமே?"

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை முழுவதும் எழுத எனக்கு மனமில்லை. கேட்டுவிட்டுத் தொட்டிருக்கக் கூடாதா என்றேன். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு பொருள்கூட இருக்கக் கூடாதா என்றேன். உங்களுக்கு எல்லாமே அழுக்குத்தான் என்றேன். கலியாணம் கட்டி ஏழு வருடத்தில் மாமியைப் பார்த்து நான் குரல் உயர்த்தியது கிடையாது. மகள் துவாய்க்குள் சுற்றியபடி என் தோளில் அழத் தொடங்கினாள்.

மாமி புளிக் கையைத் துடைக்காமலே நின்றார்.

"மூண்டு வருசமா உதுக்குக் கிட்டப் போகப் பயந்தனான். உனக்காகத்தான் இண்டைக்குக் கையில எடுத்தனான். ஊத்தைதான் விலையெண்டு எனக்கு ஆர் சொன்னது?"

அவர் சொன்னது நியாயம். யாரும் சொல்லவில்லை. பூட்டைப் பற்றி ஆயிரம் தரம் சொன்ன நான், அதில் எனக்கு எது பிடிக்கும் என்று அவருக்கு ஒருதரமும் சொன்னதில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கணவர் வேலையால் வந்தபோது தாய் அறைக்குள்ளும் நான் குசினியிலும் இருந்தோம். பூசை நடந்தது. அந்த றிவோல்வருக்கு மாமி சந்தனப் பொட்டு வைக்கவில்லை. நான்தான் வைத்தேன், கோபத்தோடு.

அடுத்த நாள் விஜயதசமி. மகளுக்கு ஏடு தொடக்குவதற்காக றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். வாகனம் நிறுத்த இடமில்லை. மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க இறங்கிவிட்டார். நானும் கணவரும் தரிப்பிடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"ஒரு பழைய இரும்புக்காக அம்மாவை அழப் பண்ணிப்போட்டீர்" என்றார் அவர்.

"ஓம். பிழைதான். மன்னிப்புக் கேக்கிறன். ஆனால் நீங்களும் கையெழுத்தை வையுங்கோ. மாமிக்குப் பயந்து இன்னும் எத்தினை நாள் இழுக்கப்போறியள்?"

"அம்மாவுக்கும் உதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லை."

"அப்ப?"

ஒரு வான் பின்னால் நின்று ஹோன் அடித்தது. அவர் மெதுவாக முன்னால் எடுத்து, நெருப்பணைப்பு வாகனங்களுக்கென்று மஞ்சள் கோடு போட்ட இடத்தில் நிறுத்தினார். அவர் அப்படி நிறுத்துகிறவர் அல்ல.

"ஒரு கேள்விக்கு நீர் இன்னும் பதில் போடேல்லை. நான் பாத்தனான்."

கடந்த ஐந்து வருடங்களில் மன அழுத்தமோ பதற்றமோ வந்து வைத்தியரிடம் போனீர்களா என்பது அந்தக் கேள்வி. ஓம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். நான் இரண்டையும் வெறுமையாக விட்டிருந்தேன். கையெழுத்து வரட்டும், பிறகு பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய பாப்பத்துக்கு நான் ஆறு கிழமையாகக் கோபப்பட்டேன். என்னுடையது எனக்குக் கேட்கவில்லை.

பிள்ளை பிறந்த முதல் மாதங்களில் எனக்கு நித்திரை இல்லை. அடுப்பை மூடினேனா என்று பத்துத் தரம் பார்ப்பேன். குளிக்கவார்க்கும்போது என் கை வழுக்கிவிடும் என்ற பயத்தில் பிள்ளையைத் தொடமாட்டேன். குடும்ப வைத்தியர் மருந்து தந்தார். சில மாதங்களில் சுகமானது. அது முடிந்த கதை என்றுதான் வைத்திருந்தேன்.

"அப்ப ஒருநாள் சொன்னீர்" என்றார் அவர், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "'நான் இல்லாட்டி இந்தப் பிள்ளைக்கு நல்லம்' எண்டு. ஞாபகம் இருக்கே?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"நாரி நோ எண்டு நான் கீழ சோபாவில படுத்தனெல்லே, ரெண்டு மாசம்? நோவே இல்லை. உந்தப் பெட்டிக்கு முன்னால படுத்தனான்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு மாதம் அந்தச் சோபாவில் படுத்துவிட்டு மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. நாரி நோ என்று சொன்ன இடுப்பில் நான் தைலம் பூசிவிட்டிருக்கிறேன். அந்த நாட்களில் எனக்குப் பயம் அடுப்பிலும் தண்ணீரிலும்தான். பெட்டியைப் பற்றி ஒரு கணமும் நினைக்கவில்லை. அதைச் சொன்னேன். சொல்லும்போதே, நினைக்காத ஒன்றை நினைக்கவில்லை என்று எப்படிக் காட்டுவது என்று தோன்றியது. நான் சொன்ன சொல்லே எனக்கு ஞாபகம் இல்லையென்றால், நினைத்தது மட்டும் சரியாக ஞாபகம் இருக்குமா?

"இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"தெரியேல்லை. அதுதான் பாப்பம் எண்டனான்."

மாமி தொலைபேசியில் கூப்பிட்டார். "எங்கை நிக்கிறியள் ரெண்டு பேரும்? ஐயர் பேரைக் கேக்கிறார், உன்ரை மோள் வாயைத் திறக்கிறாளில்லை!" ஓடிப்போய்ச் சேர்ந்தோம். அவளுடைய விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்தார்கள். மாமி பக்கத்தில் நின்றார். நான் அவருடைய கையைப் பிடித்து, "மாமி, நேற்றைக்கு நான் கத்தினது பிழை" என்றேன். "பிறகு கதைப்பம், படத்தைப் பார்" என்றார். யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, 'ஓம்' என்ற பெட்டியில் கோடு போட்டேன். விளக்கம் எழுத விட்டிருந்த இடத்தில் நடந்ததை எழுதினேன். இடம் போதாமல் இன்னொரு தாளிலும் எழுதினேன். நான்கு தரம் திருத்தினேன். முதல் தரம் அதிகமாகச் சொன்னதுபோல் இருந்தது, இரண்டாம் தரம் மறைத்ததுபோல் இருந்தது. கணவர் வாசித்தார். இரும்புப் பெட்டி இருக்கும் மூலையைச் சுற்றிப் பலகையடித்து ஒரு கதவு வைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டின் திறப்பு தன்னிடம் இருக்க வேண்டும் என்றார். பெட்டியின் திறப்பு வழமைபோல் என்னிடம். நான் மட்டும் நினைத்தாலும் திறக்க முடியாது, அவர் மட்டும் நினைத்தாலும் முடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், தொலைபேசி வேண்டுமென்றால் எங்களைக் கேட்டு வாங்கு என்று சொல்வதுபோல் இருந்தது எனக்கு. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பூட்டை நானே போய் வாங்கி வந்தேன். அவர் கையெழுத்து வைத்தார்.

உண்மையை எழுதினால் கெதியாக முடியும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். வைத்தியரின் கடிதம் வேண்டும் என்று பதில் வந்தது. வைத்தியர் விடுமுறையில். பிறகு கடிதம் போனது. கோப்பு வரிசையில் இருக்கிறது என்றார்கள். அழைத்தால் முக்கால் மணி நேரம் இசை கேட்க வேண்டும். இடையில் மகள் கூப்பிட்டால் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதற்கிடையில் லைசென்ஸ் முடியும் திகதி நெருங்கியது. முடிந்த பிறகும் சிறிது காலம் துப்பாக்கிகளை வைத்திருக்கலாம், ஆனால் எடுத்துப் பாவிக்க முடியாது. கடைசியாக ஒரு சனிக்கிழமைதான் மிஞ்சியது. கழகத்தில் பத்து மணிக்கு இடம் பதிவு செய்தேன். அந்த .38-ஐ ஆறு மாதமாகத் தொடவில்லை. அதன் விசை கொஞ்சம் இழுத்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் விடும். முன்பு வைத்திருந்த ஏதோ ஒரு பொலிஸ்காரர் தன் விரலுக்கேற்ப அராவியிருக்கிறார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் போக இருந்தேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கீழே இறங்கினேன். பலகைக் கதவு பூட்டியிருந்தது. கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார். தொலைபேசி எடுத்தேன்.

"ஐயோ! திறப்பு என்ரை ஜக்கெற்றிலயெல்லே கிடக்குது."

"ஜக்கெற் எங்கை?"

"போட்டிருக்கிறன்."

"நான் நேற்று ரெண்டு தரம் சொன்னனான்."

"வாறன், வாறன். வகுப்பு முடிய இன்னும் அரை மணித்தியாலம். இவள் தண்ணிக்குள்ள நிக்கிறாள், விட்டிட்டு வரேலுமே?"

ஏலாது. விட்டுவிட்டு வாருங்கள் என்று என்னாலும் சொல்ல முடியாது. பிள்ளை தண்ணீருக்குள் நிற்கும்போது வரட்டுமா என்று யார் கேட்டாலும் வராதே என்றுதான் நானும் சொல்வேன். வகுப்பு முடிந்து, தலை துவட்டி, அந்தப் பக்கத்திலிருந்து வந்து சேரப் பத்தேகால் ஆகும். நான் போய் வாங்கி வந்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். அதன்பிறகு கழகத்துக்கு முக்கால் மணி நேர ஓட்டம். பதினொரு மணிக்கு அடுத்தவர் வந்துவிடுவார்.

நான் பலகைக் கதவுக்கு முன்னால், தோய்த்த உடுப்புக் கூடைக்குப் பக்கத்தில், படியில் உட்கார்ந்தேன். மாமி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். அன்று அவருக்குக் கடை லீவு.

"என்ன பிள்ளை, போகேல்லையே?"

"திறப்பு அவரிட்டை மாமி."

மாமி இரண்டு படி இறங்கி வந்து பூட்டைப் பார்த்தார். முகத்தைத் திருப்பாமல் பார்த்தார்.

"சுத்தியல் கொண்டரட்டே?"

"வேண்டாம் மாமி."

"இல்லை, சும்மா கேட்டன். நான் தொட்டாலும் பிழை வந்திடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. அவர் உடுப்புக் கூடையை இழுத்து மடிக்கத் தொடங்கினார். நான் கழகத்துக்கு அழைத்து, பதிவை ரத்துச் செய்யச் சொன்னேன். வேறு நாள் வேண்டுமா என்று கேட்டார்கள். லைசென்ஸ் வந்தால் சொல்கிறேன் என்றேன்.